ரிமோட்டும் முட்டுக்கல்லும்

பதுளை ஸ்டாண்டில் நமுனுகுல பஸ் கிளம்புவதாகவே இல்லை. முன்சீட்டில் இரண்டு பேர். பேச்சைப் பார்த்தால் ஒரே தோட்டத்துக்காரர்கள், அதில் ஒருவர் வேன் ஓட்டுகிறவர். அவர் சொன்ன ஒரு வரிக்காகத்தான் பேப்பரை மடித்து வைத்தேன்.

"உள்ள ஆளே இல்ல மச்சான், வேன் பாஞ்சிருச்சு."

"என்னாது?"

"வேனுக்குப் புதுசா அலாரமும் ரிமோட் ஸ்டார்ட்டும் பூட்டுனேன்ல. லயத்து வீட்டு வாசல்ல நின்னு பட்டன அமத்துனேன். முன்னுக்கு ஒரே பாய்ச்சல்."

"கியர்ல கெடந்துச்சா?"

"பின்ன? நம்ம மேட்டுல கியர்ல போடாம எவன் வண்டிய நிப்பாட்டுவான்? நியூட்ரல்ல வுடுங்கன்னுதான் ரிமோட்ட பூட்டிக் குடுத்த வயரிங் பாஸ் சொன்னாரு. கைப்பழக்கம் விடுதா?"

"அலாரம் அடிக்கலையா?"

"ஓனர்தானே எடுக்குறான்னு அது பேசாம இருந்துச்சு."

"முன்னுக்கு யாரும் நிக்கலையே?"



"என் சம்சாரம் நின்னா. துணி காயப்போட்டுக்கிட்டு."

"அய்யோ!"

"டயருக்கு முட்டுக்கல்லு இருந்துச்சு, அதுல இடிச்சு நின்னுருச்சு. ரிமோட்டு வச்ச வேனுக்குக் கல்லு எதுக்கு, அசிங்கமா இருக்குன்னு அன்னைக்குக் காலையிலதான் அத நான் தூக்கி வீசுனேன். அவ ஒன்னுஞ் சொல்லாம எடுத்தாந்து வச்சிருக்கா."

"சரி, இன்னைக்கு ஏன் பஸ்ல?"

"ரிமோட்ட முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கா, தர மாட்டேங்குறா. அன்னைக்கு என்னைய ஓனர்னு நம்புன அலாரம், இப்பக் கதவத் தொட்டாலே தோட்டத்துக்கே கேக்குறாப்புல கத்துது."