சாம்பிராணிச் சட்டியைத் தூக்கிய கை

தலைமையேற்றிருக்கும் பாடசாலை அதிபர் அவர்களே, மேடையிலிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, முன்வரிசையில் தனியாக அமர்ந்திருக்கும் ரீச்சரின் கணவர் வின்சன்ட் அண்ணன் அவர்களே, பெற்றோர்களே, சீருடையோடு வந்திருக்கும் சாரணியப் பிள்ளைகளே! உங்கள் எல்லோருக்கும் இன்ஷிராவின் வணக்கமும் ஸலாமும்.

நேற்று நாம் அடக்கம் செய்த பெண் சாரணியர் தலைவி திரேசம்மா ரீச்சரைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு வருடம் அவருக்கு உதவியாளராக இருந்தவள் நான். புகழ வேண்டியது நிறைய இருக்கிறது. ஆனால் அதற்கு முன் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

ஒவ்வொரு ஜனவரியும் நம் பிள்ளைகளை நுவரெலியாவுக்கு முகாம் கூட்டிப்போனவர் யார்? திரேசம்மா ரீச்சர். நம் பிள்ளைகளுக்குக் குளிர் தெரியுமா? ஃபேன் போடாமல் நித்திரை வராத பிள்ளைகள். போர்வையையெல்லாம் மேலே குவித்துவிட்டு, வெறும் பாயில் படுத்து நடுங்குவார்கள். "நிலம்தான் சூட்டை இழுக்கிறது. ரெண்டு கீழே, ஒண்டு மேலே" என்று விரித்துக் கொடுத்தவர் யார்? படுக்குமுன் ஒவ்வொரு பிள்ளையின் காலையும் தொட்டுப் பார்த்து, ஈரச் சொக்ஸைக் கழற்றி, காய்ந்ததை மாட்டிவிட்டவர் யார்? எங்கள் திரேசம்மா ரீச்சர்.

ஒன்பது வருடத்துக்கு முந்திய முகாம் அது. பொழுதுபட்டதும் குளிர் இறங்கியது. ரீச்சர் குசினிப் பக்கம் சூப் காய்ச்சிக்கொண்டிருந்தார். ஆறு பிள்ளைகள் கூடாரத்துக்குள் பல்லுக் கிட்டிப்போய் இருந்தார்கள். எனக்கு மனம் தாங்கவில்லை. எங்கள் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கும் பச்சைக் குழந்தைக்கும் அனல் வைப்போமே, அந்த நினைப்பில், கொண்டுபோன சாம்பிராணிச் சட்டி நிறையச் சிரட்டைக் கரி போட்டு, கூடாரத்தின் நடுவில் வைத்து, வாசலையும் இறுக்கிக் கட்டினேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் சனூஸா தலையிடிக்கிறது என்றாள். பக்கத்துப் பிள்ளை சுருண்டு படுத்துவிட்டாள். சூப்போடு வந்த ரீச்சர் வாசலைப் பிய்த்துக்கொண்டு உள்ளே போனார். துணி தேட அவருக்கு நேரமில்லை. தணல் சட்டியை வெறுங்கையால் தூக்கி வெளியே எறிந்தார். ஆறு பேரையும் பனிக்குள் இழுத்து நிறுத்தி, மூச்சு விடச் சொல்லி, எல்லோரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மூடிய கூடாரத்துக்குள் கரி எரிந்தால் மணமே இல்லாத நஞ்சு வரும் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது.

ஊருக்கு வந்த கதை வேறு. நெருப்பு வைத்ததும் ரீச்சர், பிள்ளைகளைப் பனியில் நிற்க வைத்ததும் ரீச்சர் என்று ஆகிவிட்டது. பெற்றோரிடமிருந்து முறைப்பாடு போனது; இரண்டு வருடம் முகாமுக்குப் போகாதபடி அவரை நிறுத்தினார்கள். "பொறுப்பு என்ர" என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டார். என் பெயரைச் சொல்லவில்லை.

நான் உப்புவெளியில் ரீச்சரின் வீட்டுக்குப் போய் அழுதேன். உண்மையைச் சொல்லப் போறன் என்றேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "சொன்னா உங்களையும் நிப்பாட்டுவினம் இன்ஷிரா. பிறகு பிள்ளையளோட ஆர் போறது? இனி உங்களுக்கு இந்தப் பிழை வராது. எனக்கு அது போதும்."

எனக்கும் அது வசதியாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். அந்த இரண்டு வருடமும் நான்தான் பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். அவரோ பஸ் நிலையத்துக்கு வந்து, ஒவ்வொரு பையிலும் காய்ந்த சொக்ஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்.

நௌபர் நானா, நீங்கள் அன்று எழுதிய முறைப்பாடு நியாயமானது. ஆனால் அது என் பெயருக்கு வந்திருக்க வேண்டும். உங்கள் மகள் சனூஸா இன்று உங்கள் பக்கத்தில் இருக்கிறாள் என்றால், அது அந்தக் கையால்தான். நேற்றுப் பெட்டிக்குள் செபமாலை பிடித்திருந்த அந்தக் கையில் தழும்பைப் பார்த்தீர்களா? குசினியில் சுட்டது என்று எல்லோரிடமும் சொல்லிவந்தார். என்னை மன்னியுங்கள். வின்சன்ட் அண்ணன், நீங்களும் மன்னியுங்கள்.

ரீச்சர் விட்ட வேலையை நான் தொடர விரும்புகிறேன். கூடாரத்துக்குள் நெருப்பு வராது. ரெண்டு கீழே, ஒண்டு மேலே. ஒவ்வொரு பிள்ளையின் காலையும் தொட்டுப் பார்த்த பிறகுதான் நான் படுப்பேன். வரும் ஜனவரி முகாமின் பெயர்ப்பட்டியல் வாசலில் இருக்கிறது. இவ்வளவும் கேட்ட பிறகு, உங்கள் பிள்ளையின் பெயரை வெட்டுவதென்றால் வெட்டுங்கள், நான் கோபிக்க மாட்டேன். வெட்டாமல் விட்டால், காய்ந்த சொக்ஸ் ஒரு சோடி தனியாகக் கட்டி அனுப்புங்கள். ரீச்சர் நின்ற இடத்தில் நின்று, நான் பார்த்து ஏற்றுவேன்.