பொன்னி சொன்ன சொல்லைக் கோப்புறைக்குப் பெயராக வைத்த அமிர்தம் அம்மையாருக்கு

பேரறிவும் பெரும்பொறுமையும் ஒருங்கே பெற்ற பெருமாட்டியே! கடலூர் முதல் சிதம்பரம் வரை எங்கள் அறக்கட்டளை மருத்துவமனைகளின் கணினிகளைக் கண்ணெனக் காத்த அமிர்தம் அம்மையீர்! பணி நிறைவு பெறும் இந்நாளில் உங்களைப் பாராட்ட வந்தோம். உள்ளதைச் சொன்னால், பாராட்டைவிட மலைப்புத்தான் எங்களிடம் மிகுதி.

நம் கணினிகளில் லினக்ஸ் இயங்குதளம் குடியேறியபோது உதவிக் குறிப்புகளும் மூட்டை மூட்டையாக உடன் வந்தன. எல்லாம் மென்பொருள்களின் பெயரால் அடுக்கப்பட்டிருந்தன. பிரிண்டர் மக்கர் செய்தால், அதை ஓட்டும் மென்பொருளின் பெயர் மங்கலம்பேட்டை மருந்தாளுநருக்கு எப்படித் தெரியும்? அது தெரிந்தவர் உதவியை ஏன் தேடப்போகிறார்?

நீங்கள் அத்தனையையும் கலைத்தீர்கள். கிளை கிளையாகப் போன் போட்டு, "திரையில என்ன தெரியுது? உங்க வாயால சொல்லுங்க" என்று கேட்டீர்கள். அவர்கள் சொன்னதையே கோப்புறைகளுக்குப் பெயராக வைத்தீர்கள். 'பிரிண்ட் வரமாட்டேங்குது', 'தமிழ் கட்டம் கட்டமா தெரியுது', 'உள்ள போனா வெளிய தள்ளுது' என்று அவை வரிசைகட்டி நின்றன. "இது ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரா, டீக்கடையா?" என்று கிண்டலடித்தார் நம் நிர்வாக அலுவலர் ஜெயப்பிரகாஷ். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். இணையம் இல்லாத வேளையிலும் கைகொடுக்கட்டும் என்று எல்லாக் கணினியிலும் குறிப்புகளின் நகல் ஒன்றை ஏற்றிவிட்டுத்தான் ஓய்ந்தீர்கள்.

பிறகு வெள்ளாற்றில் வெள்ளம் வந்தது. அன்று சேத்தியாத்தோப்புக் கிளையில் போனும் இல்லை, இணையமும் இல்லை. காலில் வெட்டுப்பட்டு, புண் சீழ்பிடித்து, காய்ச்சலில் பிதற்றிய சின்னம்மாளை அவர் மகன் தூக்கிக்கொண்டு வந்தார். மருத்துவர் எழிலன் ஊசியை எடுத்தார். "முன்னாடி ஏதோ ஒரு மருந்து ஒத்துக்காம மூச்சு முட்டிப்போச்சு சார், பேரு தெரியல" என்றார் மகன். அந்தப் பெயர் இருந்தது பதிவறைக் கணினியில் மட்டும்தான்.

பதிவாளர் பொன்னி கடவுச்சொல்லை அடித்தார். திரை ஒருமுறை கண்ணைச் சிமிட்டிவிட்டு மறுபடி கடவுச்சொல்லையே கேட்டது. எத்தனை முறை அடித்தாலும் அதே கதைதான். பொன்னி நாற்காலியைத் திருப்பினார். பக்கத்துக் கணினியில் உதவியைத் திறந்தார். 'உள்ள போனா வெளிய தள்ளுது' கண்ணில் பட்டது. என்றோ உங்களிடம் போனில் அவரே புலம்பிய வார்த்தை அது.

கணினியில் இடம் நிறைந்துவிட்டால் இப்படி ஆகும் என்றது குறிப்பு. அது சொன்ன விசைகளைச் சேர்த்து அழுத்தினார். கறுப்புத் திரை வந்து கடவுச்சொல் கேட்டது. அடித்தால் ஓர் எழுத்தும் தெரியவில்லை. தப்பாகப் போய்விட்டதோ என்று பொன்னிக்கு உயிரே போய்விட்டது. வேறு வழியில்லாமல் அடித்து முடித்தார். கணினி உள்ளே விட்டது. வேண்டாத பழைய கோப்புகளைக் குறிப்பில் உள்ளபடியே அழித்தார். பழைய திரைக்குத் திரும்பி மறுபடி கடவுச்சொல்லை அடித்ததும் பதிவேடு திறந்தது. மருத்துவர் கையில் வைத்திருந்ததும் சின்னம்மாளுக்கு ஆகாததும் ஒரே மருந்து. அவர் அதைக் கீழே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார்.

போன் இணைப்பு திரும்ப வந்ததும் பொன்னி உங்களை அழைத்தார். நன்றி சொல்ல அல்ல, சண்டை பிடிக்க. "எழுத்து தெரியாதுன்னு ஏன் மேடம் எழுதல? நான் செத்துப் பொழச்சேன்" என்றார். "தப்பு எம்மேலதாம்மா" என்றீர்கள். அன்றே அந்தப் பக்கத்தில் ஒரு வரி ஏறியது: 'அடிப்பது திரையில் தெரியாது, பயப்படாமல் அடியுங்கள்.' ஓர் உயிர் பிழைத்த செய்தியைக் கேட்டுவிட்டு, விட்டுப்போன ஒரு வரியை நினைத்து வருந்திய உங்களை என்ன சொல்லிப் போற்றுவது? எங்களுக்குச் சொல் கிடைக்கவில்லை, அம்மையீர்!

இனி உங்கள் காலைப்பொழுதுகள் எங்கள் போன்தொல்லை இல்லாமல் விடியட்டும். கண்ணொளி குன்றாமல், கைகால் சோராமல், மனம்போல் நெடுங்காலம் வாழுங்கள்.

இந்த மடலை மேலாளர் கையால் தருவதாகத்தான் இருந்தது. பொன்னி அதை மாற்றிவிட்டார். முன்வரிசையிலிருந்து எழுந்து வருகிறாரே, அவரை நீங்கள் பார்த்ததில்லை. அவர்தான் சின்னம்மாள். கணினியைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. உங்களைப் பார்க்க வேண்டும் என்று சேத்தியாத்தோப்பிலிருந்து நடையும் பஸ்ஸுமாக வந்திருக்கிறார். மடலை அவர் கையால் வாங்கிக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள் குறிப்பைப் பார்த்தே பிழைக்கும்
அறக்கட்டளை மருத்துவமனைப் பணியாளர்கள்
சிதம்பரம்