ராகிக்குச் சேலை

பெங்களூரிலிருந்து ஆனேக்கல் போகும் பேருந்தில், எனக்கும் என் மகளுக்கும் முன் இருக்கையில் இருந்த கீரைக்காரம்மா பக்கத்திலிருந்த பெண்ணிடம் பழைய சேலை கேட்டார்.

"யாரு கட்டறதுக்கும்மா?"

"ராகிக்குக்கா. வயலைச் சுத்திக் கட்டிட்டா மான் உள்ள வராது. போன வருசம் ஒரு கதிர் மிஞ்சலை."

"பாவம்மா, வாயில்லா ஜீவன்."

"உங்க லேஅவுட் வூட்டுக்காரங்கதான் கேரட் போட்டுப் பழக்கினது. இப்ப கூட்டம் பெருகிப்போச்சு. இந்த வருசம் ராகி என் வூட்டுக்குத்தான்."

"அப்ப மான் எங்க போவும்?"

"ரோட்டுக்குப் போவட்டும். அங்க நான் பயிர் வெக்கலியே."

போன வாரம் இதே ஆனேக்கல் சாலையில்தான் மான் குறுக்கே பாய்ந்து என் மகள் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தாள். கையில் கட்டோடு பக்கத்தில் இருந்தவள் என் காதில் சொன்னாள்: "நம்ம சேலைய ரோட்டோரமா கட்டிடலாம்மா."