ஏறி வர்றவங்களுக்குத்தான் வழி

தோழர்களே, கையில இருக்கிற கோரிக்கை மனுவைக் கொஞ்சம் மடிச்சு வைங்க. ஒரு சின்னக் கதை சொல்றேன். எங்கயோ படிச்சதில்ல... என் உடம்பு பட்டது.

முனைவர் பட்டம் வாங்கிட்டு பதினேழு வருஷமா நான் கௌரவ விரிவுரையாளர். அதுல கௌரவம் எங்க இருக்குன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.

போன தை மாசம் எங்க கல்லூரிப் பொன்விழா. ஆசிரியர்கள் எல்லாரும் சைக்கிள்ல கொல்லிமலை ஏறணும். எழுபது கொண்டை ஊசி வளைவு! காலைக் கீழ ஊனாம உச்சிக்குப் போறவங்க பேரு கல்லூரி வாசல் பலகையில ஏறும். ஊனினா பேரு கிடையாது. அதுதான் விதி.

என் துறைத்தலைவர் தணிகாசலம் நின்னு பொன்விழா பேரு போட்ட பனியன் கொடுக்கிறாரு. என் முறை வந்தது.

"மதியழகன், இந்தப் பனியன் நிரந்தர ஆசிரியர்களுக்கு மட்டும்ப்பா. நீங்க வேணும்னா சும்மா ஓட்டிட்டு வாங்க."

சும்மா! அந்தச் சொல்லை நான் மறக்கல... மறக்கவும் மாட்டேன். இதோ போட்டிருக்கேனே, இதே வெள்ளைச் சட்டையோட ஏறினேன்.

பத்தாவது வளைவுல பனியனுக்கெல்லாம் மூச்சு வாங்குச்சு. முப்பதாவது வளைவுல பாதிப் பனியன் ஜீப்புல ஏறிடுச்சு. நான்? தினம் பதினாலு கிலோமீட்டர் மிதிச்சு வகுப்புக்கு வர்ற ஆளு. நிரந்தரமில்லாதவனுக்கு எந்த பேங்க்ல கார் கடன் தருவான்? நல்லதாப் போச்சு!

அறுபத்தோராவது வளைவு. தொடை எரியுது. நேரா மிதிக்க முடியாம இந்த ஓரம்... அந்த ஓரம்... வளைஞ்சு வளைஞ்சு போறேன். முன்னால பாதி ரோட்டுல மண் சரிஞ்சு கிடக்கு. ஒரு வண்டிக்குத்தான் இடம். அந்த நேரம் பார்த்து மேலருந்து ஜீப்பு வருது. பாதியில விட்டவங்களை உச்சியில இறக்கிட்டு, மிச்சப் பேரை அள்ளக் கீழ வருது. முன் சீட்டுல யாரு? தணிகாசலம்! விடாம ஹாரன்.

"மதியழகன்! இறங்கி ஓரமா நில்லுங்க! ஜீப்பு போகட்டும்!"

இறங்கினா? கால் தரையில பட்டா? பதினேழு வருஷமா எந்தப் பலகையிலயும் ஏறாத பேரு, அங்கயே முடிஞ்சுது.

நான் இறங்கல.

"காது கேக்கலையா? இறங்குய்யா!"

ஜீப்பு ஓட்டுற பொன்னுரங்கம் அந்த மலைக்காரரு. வண்டியை நிறுத்திட்டாரு.

"சார், ஏறி வர்றவங்களுக்குத்தானுங்க வழி. எறங்குற நாமதான் ஒதுங்கோணும். மலை ரோட்டுச் சட்டமுங்க."

"அது சைக்கிள்யா!"

"சைக்கிளும் ஏறித்தானுங்களே வருது."

சொல்லிட்டு ரிவர்ஸ் போட்டாரு. என் துறைத்தலைவர் என்னைப் பார்த்தபடியே பின்னால போறாரு... போறாரு... அடுத்த வளைவு வரைக்கும் போறாரு! அந்த முகத்தைப் பார்த்துக்கிட்டே மிதிச்சேன். கொல்லிமலையில அதைவிட அழகான காட்சி எதுவும் இல்லீங்க.

பலகையில இப்ப ஆறு பேரு. நாலாவது என்னுது. எழுதினவங்க என் பேருக்கு முன்னால 'முனைவர்' போடல. அதையும் ஞாபகத்துல வெச்சிருக்கேன்.

எதுக்கு இதைச் சொல்றேன்? இன்னைக்குப் பணி நிரந்தரம் கேக்குற நம்மளைப் பார்த்தும் மேல இருக்கிறவங்க ஹாரன் அடிக்கிறாங்க. 'வயசாச்சு, ஒதுங்குங்க, புது ஆளுக்கு வழி விடுங்க'ங்கிறாங்க. நாம யாருங்க? பாதியில ஜீப்புல ஏறினவங்களா? மிதிச்சு ஏறிக்கிட்டு இருக்கிறவங்க! நமக்குத்தான் வழி. யாரும் இரக்கப்பட்டு விடுற வழியில்ல அது... மலையோட சட்டம். தொடை எரியட்டும். வளைஞ்சு வளைஞ்சாவது மிதிங்க. காலை மட்டும் ஊனிடாதீங்க.

ரிவர்ஸ் எடுக்க வேண்டியது அவங்க!