ஒன்பதாவது பாட்டோடு முடிந்தது

காது மடலில் முளைக்கும் முடியை அப்படியே விட்டுவிட்டு, தலைக்கு மட்டும் மெனக்கெட்டுச் சாயம் பூசிக்கொண்டு வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இருபத்திரண்டு வருடமாக ஊரார் காதைப் பார்த்தே சம்பளம் வாங்குகிறவன் நான், இந்தச் சலிப்பை நீங்கள் மன்னிக்க வேண்டும். நான் டாக்டர் இல்லை, இன்ஸ்பெக்டர் மேடம். அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். காது மருத்துவமனையில் பரிசோதனை அறையைப் பார்த்துக்கொள்பவன். சத்தம் புகாத அறைக்குள் ஆளை உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, மெல்லிய விசில்களை ஒவ்வொன்றாக விடுவேன். கேட்டால் அவர்கள் கையில் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். எது கேட்டது, எது கேட்கவில்லை என்று கோடு இழுத்தால் ஒரு வரைபடம் வரும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் டாக்டர் பெரிய மனிதராகப் பேசுவார். தாளைப் பிடுங்கிவிட்டால் அவருக்கும் வாசலில் நிற்கும் காவலாளிக்கும் வித்தியாசம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் என்னைக் காது டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் திருத்தியதில்லை.

அந்தக் கூட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள். சோபாக்காரர் கடையின் பின்னறையில், மாலை நான்கு மணிக்குக் கூடுவோம். ராக், பங்க் இசை என்று பைத்தியம் பிடித்த எட்டுப் பத்துப் பேர். இன்னும் துணி போர்த்தாத சோபாக்களில், ஸ்பிரிங் குத்தக் குத்த உட்கார்ந்து, ஆளுக்கொரு இசைக்குழுவைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுவார்கள். சோபாக்காரருக்கு ஒரே ஒரு கதை. மழையில் நடந்த ஒரு நிகழ்ச்சியில் மேடைத் துணி பாடகன் தலைமேல் விழுந்தும் அவன் உள்ளிருந்தபடியே பாடி முடித்தானாம். பத்துத் தடவை கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் துணி பெரிதாகிக்கொண்டே போகும். முடிக்குப் பச்சைச் சாயம் பூசிய ஒரு பெண் வருவாள், பச்சைத்தலை என்போம், அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள், சொந்தமாகக் குழுவும் வைத்திருக்கிறாள். நெரிசலில் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு நொண்டிக்கொண்டே வீடு போனவள், மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பைச் சுவரில் மாட்டியிருப்பதாகப் பெருமையாகச் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாவிட்டால் நன்றாக இருக்காது.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு விதி உண்டு. நேரில் நின்று பார்த்த நிகழ்ச்சியைப் பற்றி மட்டும்தான் பேச வேண்டும். கேசட்டில் கேட்டேன், யாரோ சொன்னார்கள் என்பதெல்லாம் செல்லாது. அந்த விதியைப் போட்டவன் நான்தான். ஒரு தரம் வேண்டாமா?

வருடம் ஒருமுறை, கூட்டம் தொடங்கிய நாளன்று, நான் பேசுவேன். மொட்டைமாடி நாய்கள் என்று ஒரு பங்க் குழு இருந்தது, நான்கு பேர். இருபது வருடத்துக்கும் முன்பு, பழைய காகிதக் கிடங்கு ஒன்றில் அறுபது பேருக்கு முன்னால் ஒரு மாலை வாசித்தார்கள். அடுத்த மாதமே அடித்துக்கொண்டு பிரிந்துவிட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு அந்த மாலை என்றால் உயிர். நான் மூன்றாம் வரிசையில் நின்றேன். மூன்றாவது பாட்டில் கிதார் கம்பி அறுந்தது, பாடகன் திட்டிக்கொண்டே அதை மாற்றினான். ஆறாவது பாட்டில் எவனோ மேடையில் ஏறி மைக்கைத் தட்டிவிட்டான். ஒன்பதாவது பாட்டின் நடுவில் 'டப்' என்று ஒரு சத்தம். ஆம்ப்ளிஃபயர் வெடித்துப் புகை கிளம்பி, எல்லாம் முடிந்தது. இதை நான் சொல்லும்போது அந்த அறையில் ஊசி விழுந்தால் கேட்கும். சோபாக்காரரே வாயை மூடிக்கொண்டிருப்பார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் தொடங்கிய ஐந்தாவது வருடம் லிஃப்ட்காரன் புதிதாக வந்து சேர்ந்தான். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். நகத்தில் கிரீஸ், சட்டைப் பையில் ஸ்பேனர், யாரைப் பார்த்தாலும் 'அண்ணே'. வாயே திறக்க மாட்டான். அப்படிப்பட்ட ஆள், நான் 'டப், முடிஞ்சுது' என்று சொல்லி நிமிர்ந்தபோது, கையைப் பிசைந்துகொண்டு மெதுவாகச் சொன்னான்.

"அதுக்கப்புறம்தான் அண்ணே அந்தப் பாட்டு."

"எந்தப் பாட்டு?" என்றாள் பச்சைத்தலை.

"வெடிக்கலம்மா, கரண்ட் போயிடுச்சு. கும்மிருட்டு. பாதிப் பேர் வெளிய போயிட்டாங்க. அப்போ டிரம்ஸ் வாசிக்கிறவர் ஒரு டிரம்ம மட்டும் தூக்கிட்டு எங்க நடுவுல வந்து உக்காந்தாரு. பாடுறவருக்கு மைக் இல்ல. புதுப் பாட்டு, அதுக்கு முன்னாடி யாரும் கேட்டதில்ல. ரெண்டு தடவ பாடினாரு, மூணாவது தடவ நாங்களும் சேந்து பாடினோம். என் தோள்ல யாரோ கை போட்டிருந்தாங்க, யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

கேட்காமலேயே அதை முனகிக் காட்டவும் செய்தான். நல்ல குரல் இல்லை. ஆனால் சுருதி பிசகவில்லை. அது என் தொழில், எனக்குத் தெரியும்.  பிறகு எல்லோரும் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

அவனும் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது, அதுதான் விஷயம். புரிந்துகொண்டு, அவசரமாகச் சொன்னான்: "அண்ணன் முன்னாடியே கிளம்பியிருப்பாரு. அந்த இருட்டுல யாருக்குத் தெரியும், நானே பாதி வழி போயிட்டுத்தான் திரும்பி வந்தேன்."

பெருந்தன்மை, மேடம். கிரீஸ் கையால் எனக்குப் பிச்சை போட்டான், அதுவும் பத்துப் பேருக்கு முன்னால். என்னைப் பொய்யன் என்று கத்தியிருந்தால் சண்டை போட்டுவிட்டு மறந்திருப்பேன். பொறாமை என்று எழுதப்போகிறீர்கள், வேண்டாம். ஒரு லிஃப்ட்காரனைப் பார்த்து எனக்கென்ன பொறாமை? எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவன் கையில் அந்தப் பாட்டு மாட்டிக்கொண்டது என்ற எரிச்சல்தான். இருபது வருடம் அதை லிஃப்ட் குழிக்குள் முனகிக்கொண்டு திரிந்திருக்கிறான்.

அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் வருடம் ஒருமுறை நான் இலவசமாகக் காது பரிசோதித்துத் தருவது வழக்கம். ஸ்பீக்கர் முன்னால் போய் நின்று ஆடுகிறவர்கள் ஆயிற்றே. இரண்டு வாரம் கழித்து லிஃப்ட்காரன் வந்தான். காதுக்குள் கொசு ரீங்காரம் போல ஒரு சத்தம் வந்துவந்து போகிறது என்றான். உட்காரவைத்தேன். மேல் சுருதி விசில்கள் பக்கம் இரண்டு காதின் கோடும் இறங்கத் தொடங்கியிருந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த நிலையில் செய்ய வேண்டியது என்னவென்று எனக்கு மனப்பாடம்: டாக்டரிடம் அனுப்பு, ஸ்பீக்கர் பக்கம் போகாதே என்று சொல், காதடைப்பான் கொடு.

நான் அவனுடைய தாளை டிராயரில் வைத்துவிட்டு, வேறொரு தாளில் அவன் பெயரைப் போட்டு அச்செடுத்துக் கொடுத்தேன். அதில் ஒரு குறையும் இல்லை.

"கொழந்த காது உனக்கு. கொசுச் சத்தம் காது பழகுறதால வருது. அடைப்பான் எல்லாம் வேணாம், அதான் காதைக் கெடுக்குது."

"நெசமாவா அண்ணே?" என்று சிரித்தான். வேலையிடத்தில் மோட்டார் அறைக்குள் போகும்போது மாட்டுகிற கவசத்தையும் கழற்றிவிடலாமா என்று அவனாகவே கேட்டான். தாராளமாக என்றேன். அடுத்த நிகழ்ச்சியில் ஸ்பீக்கரை ஒட்டி, மார்பு அதிர நின்றான். வாசலோரம் நின்ற என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

இப்படி நான்கு வருடம். நான்கு பரிசோதனை. ஒவ்வொரு முறையும் உண்மையான தாள் டிராயருக்குப் போனது, அந்த இன்னொரு தாள் அவனுக்குப் போனது. இரண்டாவது வருடமே கோடு இறங்கிய வேகத்தைப் பார்த்து, இது வெறும் சத்தத்தால் வந்தது இல்லை, உள்ளே ஏதோ நோயும் இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அப்போது பிடித்திருந்தால் மருந்திலேயே நிறுத்தியிருக்கலாம் என்று இப்போது டாக்டர்கள் சொல்கிறார்களாம். சரிதான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

லிஃப்ட் வேலையில் காதுதான் பாதிக் கருவி, தெரியுமா? கூண்டுக்குள் நின்று சுவரில் காதை வைத்து, மேலே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான் என்று அவனைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். மூன்றாவது வருடம் இரண்டு இடத்தில் கோட்டைவிட்டான். மேல்தளத்திலிருந்து கூட்டாளி போட்ட சத்தம் கேட்காமல் ஒருநாள் குழிக்குள் அவன் கை நசுங்கப் பார்த்தது. அன்று என் அறைக்கு வந்து, ஸ்டூலில் நுனியில் உட்கார்ந்தான்.

"மேனேஜர் கிண்டல் பண்றாரு அண்ணே. வீட்டுல அவ, கூப்பிட்டா வேணும்னே திரும்பிப் பாக்க மாட்டேங்குறேன்னு பேசுறதையே நிறுத்திட்டா. எனக்குக் காதுல ஏதாச்சும்..."

நான் எழுந்து, அவனுக்குக் கேட்கும்படி பக்கத்தில் போய்ச் சொன்னேன்: "காது பிரமாதமா இருக்கு. கவனம்தான் இல்ல. மனச ஒரு நெலையில வெச்சுக்க."

தலையை ஆட்டிக்கொண்டு போனான். ஒரு மனிதன் தன் காதைவிட ஒரு தாளை நம்புவான் என்றால், அவனுக்குக் காது எதற்கு? இதை நான் கோபத்தில் சொல்லவில்லை.

போன ஆண்டு விழாவன்று பச்சைத்தலை ரெக்கார்டரும் கிதாரும் கொண்டுவந்தாள். அந்தப் பாட்டைப் பதிவு செய்து, தன் குழுவோடு மேடையில் பாட வேண்டும் என்று வருடக்கணக்காக அவனைக் கெஞ்சிக்கொண்டிருந்தவள். கூச்சப்பட்டுக்கொண்டே இருந்தவன் அன்றைக்குத்தான் சம்மதித்தான். அந்த அறுபது பேரில் மற்றவர்கள் எங்கே போனார்களோ, குழுவில் இருந்தவர்களும் என்ன ஆனார்களோ. பாட்டு இருந்த ஒரே இடம் அவன்தான்.

கண்ணை மூடிக்கொண்டு, தொடையில் தாளம் போட்டுப் பாடினான். முதல் வரியே எங்கேயோ போயிற்று. சில இடத்தில் கத்தினான், சில இடத்தில் உதடு மட்டும் அசைந்தது. மெட்டு என்று பிடித்துக்கொள்ள ஒரு நூல்கூட இல்லை. பச்சைத்தலை கிதாரில் அவனைத் துரத்திப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டாள். சோபாக்காரர் கத்தரிக்கோலை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அவன் மட்டும் முகமெல்லாம் சிரிப்பாகப் பாடி முடித்துக் கண்ணைத் திறந்தான்.

"இப்படித்தாம்மா இருந்துச்சு. சரியா வந்துச்சா?"

"வந்துச்சு அண்ணே."

"என்னம்மா?"

"நல்லா வந்துச்சுண்ணே," என்று உரக்கச் சொல்லிவிட்டு அவள் ரெக்கார்டரை அணைத்தாள். அழுதாள் என்று நினைக்கிறேன், அந்த வயதில் எதற்கெடுத்தாலும் அழுவார்கள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்தப் பாட்டு இனி எங்கேயும் இல்லை. அந்த மாலை மறுபடியும் ஒன்பதாவது பாட்டோடு முடிந்தது, என் கேசட்டில் முடிகிற மாதிரியே. ஆமாம், ஒலிப்பதிவு பார்த்தவனிடமிருந்து வாங்கிய கேசட் ஒன்று என்னிடம் உண்டு. கம்பி அறுவது, மைக் விழுவது, கடைசியில் அந்த 'டப்' வரை எல்லாம் அதில் இருக்கிறது. யாருக்கும் காட்டியதில்லை.

அவன் மனைவி புத்திசாலி. அவனை வேறொரு மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போய், என் நான்கு தாளையும் மேஜையில் பரப்பியிருக்கிறாள். யாருடைய காதும் வருடத்துக்கு வருடம் கொஞ்சமாவது மாறும். இந்த நான்கும் ஒரே அச்சு. அது என் சோம்பல்தான். அவனுக்காக வருடாவருடம் புதிதாக ஒரு கோடு இழுக்க எனக்கு மனம் வரவில்லை, அந்த மரியாதைக்கு அவன் ஆளில்லை என்று நினைத்தேன். உண்மையான தாள்கள் மூன்றாவது டிராயரில், பச்சை உறையில் இருக்கின்றன. எடுத்துக்கொள்ளுங்கள். அவன் காதைத் திட்டமிட்டுக் கெடுத்தது நான்தான். இதை யார் மிரட்டியும் சொல்லவில்லை.

நேற்று உங்கள் முன்னால்தான் அவன் எனக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தான். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்பான் என நினைத்தேன். 'அண்ணே, அன்னிக்கு எங்க நின்னீங்க?' என்று எழுதியிருந்தான். 'மூன்றாம் வரிசை' என்று எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, பழையபடி தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலை என்னால் பொறுக்க முடியவில்லை.

கடைசியாக, அவனுக்குக் கொடுத்த அந்தச் சுத்தமான வரைபடம் யாருடையது என்று கேட்டீர்கள். என்னுடையது. அதைப் பார்த்துவிட்டு அந்த டாக்டர், இந்தக் காது ஆயுளில் ஒருநாள்கூட ஒரு ஸ்பீக்கர் பக்கம் நின்றதில்லை என்று அறிக்கையில் எழுதியிருக்கிறாராம். மற்றதெல்லாம் இருக்கட்டும், அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள், மேடம். கிடங்குக்கு எதிரில் ஒரு பஸ் நிறுத்தம் இருந்தது. உள்ளே இருந்து வந்த சத்தம் அங்கேயே தாங்க முடியவில்லை. இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு, இரண்டாவது பாட்டு முடிகிற வரைக்கும், பஸ் வருகிற வரைக்கும் அங்கேதான் நின்றேன். அங்கே நின்ற ஒருவனை, அங்கே இல்லை என்று நீங்கள் எப்படி எழுதுவீர்கள்?