லெஃப்ட் காலை மட்டும் கடிக்கும் எலி

"எங்க வீட்டு எலி லெஃப்ட் கால் ஷூவ மட்டும்தான் கடிக்குதுக்கா. ரைட்ட தொடறதே இல்ல."

பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூர் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் சொன்னாள். மடியில் குழந்தை. காலடியில், ஷூவின் மேல்பாகங்களை வீட்டிலேயே கையால் தைத்து அடுக்கிய பை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா சிரித்துவிட்டார்.

"சிரிக்காதக்கா. இன்னொரு பீஸ் கடிபட்டா வேலையே கிடையாதுன்னு, தைக்கக் குடுக்குற ஏஜென்ட் சொல்லிட்டாரு. இவன் தவழ்றான், விஷமும் வைக்க முடியாது. இவன வுட்டுட்டு ஷூ கம்பெனிக்கும் போவ முடியாது."

"லெஃப்ட்ட எப்போ தைப்ப?"

"காலைல ரைட்ட முடிச்சுடுவேன். சாப்ட்டு வந்து லெஃப்ட்டு."

"மத்தியானம் இன்னா கொழம்பு?"

"பெரும்பாலும் கருவாடுதான்."

"சோப்பு போட்டு கை கழுவுவியா?"



"தண்ணில அலசுவேன்."

"அடிப்பாவி! எலிக்கு நீயேதான் வாசன காட்டிக் குடுத்திருக்க. இனிமே சோப்பு போட்டு கழுவிட்டு தையி. கடிபட்ட பீஸ் இருக்குதில்ல, அதுல மட்டும் கருவாட்டுக் கையத் தடவி எலிக்கூண்டுல மாட்டு."

அடுத்த வாரம் அதே பேருந்தில் அவள் குழந்தையோடும் இரண்டு பைகளோடும் ஏறினாள். அக்காவைத் தேடிப்போய் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மூணு எலி மாட்டுச்சுக்கா! ஒரு பீஸ்கூட கடிபடல. ஏஜென்ட்டே கூப்ட்டு ஜாஸ்தி வேல குடுத்துட்டாரு."

ஆம்பூர் வந்தது. "புள்ளய இங்க குடு, நீ பைய எடு" என்று அக்கா கை நீட்டினார்.