பொரிமருந்தும் சீனிமருந்தும்

காபி நன்றாக இருக்கிறது, லோர்னா. கொஞ்சம் தண்ணீராக இருக்கிறது, ஆனால் நம் தேவாலயத்துக் காபியோடு ஒப்பிட்டால் குறை சொல்ல முடியாது.

நீங்கள் வாசித்த தீர்மானத்தில் ஒரு சிறிய பிழை இருக்கிறது. அதைத் திருத்தத்தான் எழுந்தேன். வீட்டில் தோட்டா அடைக்கும்போது அளக்கும் இயந்திரத்தில் துப்பாக்கி மருந்து சிக்கிக்கொண்டது, பிறகு இரண்டு அளவும் சேர்ந்து ஒரே தோட்டாவில் விழுந்துவிட்டது, இந்தக் கவனக்குறைவுக்காக வெர்லின் ஹாவ்கென் நம் துப்பாக்கிச் சங்கத்திலிருந்து நிரந்தரமாக நீக்கப்படுகிறார் என்று வாசித்தீர்கள். வெர்லின் என் தங்கை ஆர்டிஸின் கணவன். இதோ, கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான். முன்வரிசையில் கட்டைவிரலில் கட்டுப் போட்டிருப்பவர் ராய்ஸ் டிட்வெல். இருவருக்கும் நான் நல்லதையே நினைப்பவன். ஆனால் அந்த மருந்து இயந்திரத்தில் சிக்காது. ஏன் சிக்காது என்பதை விளக்கிவிடுகிறேன்.

"ஓரின், ஒரு வார்த்தையில சொல்லிட்டு உக்காந்துரு" என்கிறீர்கள். ஒரு வார்த்தையில் சொன்னால்தான் தவறாகப் புரியும், லோர்னா.

துப்பாக்கி மருந்து வெடிப்பதில்லை. எரிகிறது. நீண்ட குழல் உள்ள வேட்டைத் துப்பாக்கிக்கு மெதுவாக எரியும் மருந்து வேண்டும், குண்டைக் கடைசிவரை தள்ளிக்கொண்டே போவதற்கு. கைத்துப்பாக்கியின் குழல் ஒரு சாண் இருந்தால் அதிகம். குண்டு வாசலைத் தாண்டுவதற்குள் மருந்து எரிந்து முடிய வேண்டும். ஆகவே வேகமான மருந்து. இதுவரை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். வேகமான மருந்துகளில் எதை வாங்குவது என்று வரும்போதுதான் குடும்பங்கள் பிரிகின்றன.

ஒருவகை மருந்து பொரி மாதிரி. லேசான செதில்கள், புசுபுசுவென்று இடத்தை அடைக்கும். இன்னொரு வகை சீனி மாதிரி. கனமானது, துளி போதும். வெர்லினுடைய ரிவால்வர் அவன் அப்பா விட்டுச்சென்றது, முப்பத்தெட்டு அளவு. அந்தத் தோட்டாவின் பித்தளைக்கூடு பழைய கரிமருந்துக் காலத்தில் வடிவமைக்கப்பட்டது, அதனால் உள்ளே தாராளமாக இடம் உண்டு. அதில் சீனிமருந்தைப் போட்டால், பெரிய பானையின் அடியில் ஒரு பிடி அரிசி கிடப்பதுபோலக் கிடக்கும். மறந்துபோய் இன்னொரு தரம் போட்டால் இரண்டு பிடி அரிசி. கண் மங்கியவனுக்கு வித்தியாசம் தெரியாது. பொரிமருந்து அப்படியல்ல. ஒரு தரம் போட்டாலே பாதிக்கு மேல் நிறைந்துவிடும். இரண்டாம் தரம் போட்டால் வழிந்து மேசையெல்லாம் கொட்டும். செய்த தவறைத் தானே முன்வந்து காட்டிவிடும் மருந்து அது. மனிதர்களில் அப்படிப்பட்டவர்கள் குறைவு.

சனிக்கிழமைகளில் மதியச் சாப்பாடு முடிந்ததும் நானும் வெர்லினும் அவன் வீட்டு நிலவறையில் தோட்டா அடைப்போம். அவன் நெம்புகோலை இழுப்பான், நான் விளக்குவேன். இது எங்கள் இருவருக்கும் பிடித்த ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் சீனிமருந்துக்காரன்.

"துளி போதும் மச்சான். ஒரு டப்பா வாங்கினா என்னப் பொதைக்கிற வரைக்கும் வரும்."

"அதத்தான் மாப்ளே நானும் சொல்றேன். அந்த டப்பா முடியறதுக்குள்ளயே பொதைச்சிருவோம்."

போன மாதம் அந்த டப்பா காலியானது. மாற்றுவதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. நான் ஆயத்தமாகப் போனேன். ஆர்டிஸின் சமையல்மேசையில் கண்ணாடிக் குவளைகளை வரிசையாக வைத்து, ஒன்றில் சீனியையும் இன்னொன்றில் காலையில் பாலில் போட்டுத் தின்னும் அரிசிப்பொரியையும் போட்டுக் காட்டினேன். சீனியை இரண்டாம் தரம் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை. பொரியை இரண்டாம் தரம் போட்டேன், தரையெல்லாம் பொரி.

"அண்ணே, இப்பத்தான் கூட்டினேன்" என்றாள் ஆர்டிஸ்.

"பாத்தியா? கூட்டுறவளுக்கே தெரிஞ்சுருச்சு. அதுதான் பாதுகாப்பு."

வெர்லின் வெகுநேரம் குவளைகளைப் பார்த்துவிட்டு, "இது வேற மாதிரி இருக்கே" என்றான்.

"அப்போ உனக்கும் சேத்து பொரிமருந்தே வாங்கிறட்டுமா?"

"வாங்கினா வாங்கலாம்" என்றான்.

ராய்ஸ், நீங்கள் டெக்ஸாஸிலிருந்து இங்கே குடிவந்தவர், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். மினசோட்டாவின் இந்தப் பக்கத்தில் யாரும் யாரிடமும் 'முடியாது' என்று சொல்லமாட்டார்கள். 'வேற மாதிரி இருக்கே' என்றால் சகிக்கவில்லை என்று பொருள். 'வாங்கினா வாங்கலாம்' என்றால் என் பிணத்தைத் தாண்டித்தான் வாங்க வேண்டும் என்று பொருள். நான் இங்கேயே பிறந்தவன். ஆனாலும் அன்று அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன். ஒரு மனிதன் அவ்வளவு விளக்கத்தைக் கேட்ட பிறகு வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

அடுத்த வியாழன் இங்கே, இந்தக் கூடத்தில், கை கழுவுகிற இடத்தில் ராய்ஸ் வெர்லினிடம் சொன்னார்: "பழசையே வாங்கு. நல்ல மருந்து." அவ்வளவுதான். காரணம் இல்லை, குவளை இல்லை. அதற்கு வெர்லின், "சரி" என்றான்.

'சரி.' கல்யாணத்தன்றுகூட பாதிரியார் அவனிடம் இருமுறை கேட்க வேண்டியிருந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை. நான் கோபப்படுகிறவன் இல்லை என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். சொல்லிப் புரியாததைக் காட்டிப் புரியவைக்கலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான். வீட்டில் என் மேசையில் உட்கார்ந்து வெர்லினுடையதைப் போலவே ஒரு தோட்டா செய்தேன். அதே கூடு, அதே குண்டு, அதே சீனிமருந்து. மருந்து மட்டும் இரண்டு தரம். அடியில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன், அடையாளத்துக்கு. வெர்லின் மதியத் தூக்கத்தில் இருந்தபோது நிலவறைக்குப் போய், வியாழன் போட்டிக்கு அவன் எடுத்துவைத்திருந்த பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டு இதை வைத்தேன். வெளியே வரும்போது ஆர்டிஸ் எலுமிச்சைக் கேக் கொடுத்தாள். நன்றாக இருந்தது.

என் திட்டத்தில் யாருக்கும் ஆபத்து கிடையாது. சுடுவதற்கு முன்னால் நான் பெட்டியை வாங்கிப் பார்ப்பேன். புள்ளி வைத்ததை எடுத்து, "இது ஏதோ சரியில்ல" என்பேன். குண்டு கழற்றும் சுத்தியலில் மாட்டித் தட்டி, எல்லோருக்கும் முன்னால் மருந்தைக் கொட்டிக் காட்டுவேன். வெர்லின் முகம் வெளுக்கும். "நீ சொன்னது சரிதான் மச்சான்" என்பான். அதற்குமேல் நான் எதுவும் எதிர்பார்க்கவில்லை.

வியாழனன்று இங்கே பெட்டியைத் திறந்தால், அம்மை போட்டதுபோல எல்லாத் தோட்டாவிலும் சிவப்புப் புள்ளி.

"ராய்ஸ் போன் பண்ணாரு மச்சான். புது டப்பா மருந்துன்னா ஒரு குறி வச்சுக்கோ, பழசோட கலந்துராதுன்னாரு. நல்ல யோசனை, இல்ல?"

நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சிவப்பு மையை ஒரே கடையில் வாங்குகிறோம் என்பதுதான் பிரச்சினை.

நான் தராசை எடுத்தேன். எப்போதும் என் பையில் ஒன்று இருக்கும். ஒவ்வொரு தோட்டாவாக வைத்தேன். வெர்லின் சிரித்தான்.

"என்ன மச்சான் பண்றே? அடைச்ச தோட்டாவ எடை போட்டு மருந்தக் கண்டுபிடிக்க முடியாதுன்னு போன குளிர்காலம் பூரா நீதானே பாடம் எடுத்தே? பித்தளையே ஒண்ணு ஒரு எடை, இன்னொண்ணு ஒரு எடைன்னு?"

அவன் சொன்னது முற்றிலும் சரி. கூட்டுக்குக் கூடு, குண்டுக்குக் குண்டு எடை மாறும். அந்த மாற்றத்துக்குள் மருந்தின் எடை ஒளிந்துகொள்ளும். என் பாடத்தில் அந்த ஒரு வரியாவது அவன் மனதில் நின்றிருக்கிறது என்று தெரிந்து எனக்குக் கண்ணில் நீரே வந்தது. நேரம்தான் பொருத்தமாக இல்லை.

அப்போது நான் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். 'சுடாதே, இதில் ஒன்றில் நான் இரண்டு மடங்கு மருந்து போட்டிருக்கிறேன்.' எவ்வளவு சிறிய வாக்கியம். ஆனால் பின்னணி தெரியாமல் அதைக் கேட்பவர்கள் என்ன நினைப்பார்கள்? பொரிமருந்திலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் வெர்லின் காதடைப்பைப் போட்டுக்கொண்டுவிட்டான்.

எனவே பொறியியல் ரீதியாக யோசித்தேன். வெர்லினுடைய ரிவால்வர் பழைய இரும்பு, மெல்லிய சுவர். ராய்ஸுடையது புதியது, அதைவிட வலுவான தோட்டாவுக்கென்றே செய்தது, முப்பத்தெட்டையும் ஏற்கும். தடித்த எஃகு தாங்கும். தாங்காவிட்டாலும் அது என் தங்கை வீட்டுக்காரனுடைய கை அல்ல.

"ராய்ஸ், வெர்லினோட தோட்டாவ உங்க துப்பாக்கில போட்டுப் பாக்கலாமே?" என்றேன்.

இங்கே நான் ஒரு தவறு செய்தேன், அதை ஒப்புக்கொள்கிறேன். நம் ஊரில் எதைக் கொடுத்தாலும் முதல் தரம் 'ஐயோ, வேண்டாம்' என்பார்கள். இரண்டாம் தரம் 'உங்களுக்கு எதுக்குச் சிரமம்' என்பார்கள். மூன்றாம் தரம்தான் வாங்குவார்கள். ஒரு துண்டு கேக்குக்கே அவ்வளவு நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் எனக்கு வேறு வழி தோன்றியிருக்கும்.

"கொண்டா" என்றார் டெக்ஸாஸ்காரரான ராய்ஸ்.

அவர் கை நீட்டியதைப் பார்த்ததும் வெர்லின் காதடைப்பைக் கழற்றிவிட்டு, மகிழ்ச்சியோடு பெட்டியையே அவர் பக்கம் தள்ளினான். "எல்லாத்தையும் சுடுங்க! நம்ம கைவேலை!"

நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றதை லோர்னா பார்த்திருக்கிறார். எனக்கு இரைச்சல் ஒத்துக்கொள்ளாது.

அழுத்தத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு மடங்கு மருந்து இரண்டு மடங்கு அழுத்தத்தைத் தருவதில்லை. அதைவிட வெகுவாக அதிகம் தரும். எரிய எரிய உள்ளே நெருக்கடி கூடும், நெருக்கடி கூடக் கூட இன்னும் வேகமாக எரியும். நம் சங்கத்தில் இதை அறியாதவர் இருந்தால் அது என் தவறல்ல, எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் அந்த நல்ல எஃகு இரண்டாகப் பிளந்தது. ஒரு துண்டு மேற்கூரையில் இன்னும் இருக்கிறது, அண்ணாந்து பார்த்தால் தெரியும். ராய்ஸின் தொப்பி பறந்துபோய்க் காபிக் கெண்டியின் மேல் உட்கார்ந்தது. கட்டைவிரல் கொஞ்சம் கிழிந்தது. மருத்துவர் தைத்த விதம் நேர்த்தியாக இருக்கிறது, ராய்ஸ்.

வெர்லின் பிளந்த துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். "என் கண்ணுதான். நான்தான் பாக்காம ரெண்டு தரம் இழுத்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். மறுநாள் தோட்டா அடைக்கும் இயந்திரத்தைக் கழற்றித் தெருவில் வைத்துவிட்டான், யாராவது எடுத்துக்கொண்டு போகட்டும் என்று. சனிக்கிழமை வந்தது. எனக்குப் போக இடமில்லை.

இப்போதாவது கேட்பான் என்று நினைத்து ஒரு டப்பா பொரிமருந்து வாங்கிக்கொண்டு போனேன். ஆர்டிஸ் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"வேண்டாம்ணே" என்றாள். "உள்ள உக்காந்து அழுதுட்டு இருக்காரு. ஒரு ஆளக் கொல்லப் பாத்தேனேன்னு சோறு எறங்கல. இப்ப வந்து மருந்து, டப்பான்னு ஆரம்பிக்காதீங்க."

ஒப்புக்கு அல்ல, நேரடியாகவே 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டாள். எங்கள் அம்மா கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பாள் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன்.

இன்று வாய் திறக்கக்கூடாது என்றுதான் வந்தேன். நீங்கள் அவனை நீக்கியிருந்தாலும் பொறுத்திருப்பேன், லோர்னா. சனிக்கிழமைகளுக்கு நாங்கள் இருவரும் வேறு பொழுதுபோக்கு தேடிக்கொண்டிருப்போம். ஆனால் 'மருந்து சிக்கியது' என்று வாசித்தீர்கள். உடனே ராய்ஸ் திரும்பி, "சீனியே சிக்குச்சுன்னா, உன் பொரி என்ன கதி ஆகியிருக்கும் ஓரின்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தீர்கள்.

சிக்குவது பொரிமருந்தின் குணம். செதிலோடு செதில் கோத்துக்கொண்டு புனலுக்குள் பாலம் கட்டிவிடும். அதற்கு அந்த ஒரு குறை உண்டு, ஒரு தட்டுத் தட்டினால் சரியாகிவிடும். நான் மறைத்ததில்லை. சீனிமருந்து தண்ணீர் போல ஓடும், அது எந்த இயந்திரத்திலும் சிக்காது. அந்தப் பிழையை நம் சங்கத்தின் பெயரில் சுவரில் ஒட்டிவைத்தால் நாளைக்குப் படிக்கிறவர்கள் மருந்தைப் பற்றித் தவறாகக் கற்றுக்கொள்வார்கள். என்னால் அதை அனுமதிக்க முடியாது.

ஆகவே இப்படித் திருத்திக்கொள்ளுங்கள். இயந்திரத்தில் கோளாறு இல்லை. வெர்லினின் கண்ணிலோ கையிலோ கோளாறு இல்லை. அவன் அடைத்த தோட்டாக்கள் அத்தனையும் ஒழுங்கானவை. அந்த ஒன்றில் இரண்டு அளவு மருந்தைப் போட்டு, மூடி, அவன் பெட்டியில் வைத்தவனும், அது எந்தத் துப்பாக்கிக்குப் போகிறது என்று தெரிந்தே தூணுக்குப் பின்னால் நின்றவனும் நான். எல்லாம் அவன் பாதுகாப்புக்காக. நீங்கள் ஷெரிப்பைக் கூப்பிடுவதாக இருந்தால் கூப்பிடுங்கள். அவரும் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர், இதெல்லாம் அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வெர்லினைப் பாருங்கள். சனிக்கிழமைகளில் நான் கரிமருந்துக் காலத்தைத் தாண்டுவதற்குள் அவனுக்குக் கண் சொருகிவிடும். இன்று தலையை நிமிர்த்தி, முகம் சிவக்க, கண் கொட்டாமல், ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறான். பொறுமையாக எடுத்துச் சொன்னால் அவனுக்குப் புரியும் என்று நான் எப்போதும் நம்பினேன். இதோ எழுந்துவிட்டான். இன்னும் நன்றாகக் கேட்க வேண்டுமென்று, நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு முன்னால் வருகிறான்.